மறு மாத்திரை

காலை ஐந்தரைக்கு எழுவேன். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் குடங்களை நிரப்புவேன். வராத நாளில் நேராகப் பால் வாங்கப் போவேன். திரும்பும்போது என் மனைவி பாண்டிமீனா அடுப்படியில் இருப்பாள். டீ. ஏழரைக்கு இட்லி. எட்டு மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கும். அவள் நாக்கை நீட்டுவாள். அதன் மேல் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை வைத்துப் படம் எடுத்து, ‘சீரான துடிப்பு - தொகுதி நான்கு’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவேன். அதற்குள் அங்கே பதினைந்து இருபது நாக்குகள் வந்திருக்கும். அவள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் நாக்கை நீட்டுவாள். காலி நாக்கையும் அனுப்ப வேண்டும். பிறகு அட்டையில் அன்றைய கட்டத்தில் பச்சைப் பேனாவால் ஒரு டிக். எட்டரைக்கு இருவரும் பைக்கில் அச்சகத்துக்குக் கிளம்புவோம்.

“எம்புட்டு நாக்கு. கறிக்கடை மாதிரில்ல இருக்கு” என்பாள், குழுவைப் பார்த்து.

எங்கள் இருவருக்கும் திருத்தங்கலில் ஒரே அச்சகத்தில் வேலை. நான் தமிழ் எம்.ஏ. படித்தேன், புரூஃப் பார்த்தேன். அவள் கலர் செக்கிங். மிஷினிலிருந்து இறங்கும் தாளை மாதிரித் தாளோடு வைத்துப் பார்த்து, எந்த மை கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னால் மிஷின் நிற்கும். அச்சகத்தில் அப்படி மிஷினை நிறுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் முதலாளி.

சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. துடிப்பு தாறுமாறாக ஓடும். மதுரையில் ஒரு வயதான டாக்டர் டிஜாக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று. சனி, ஞாயிறு கிடையாது.

“இது உடம்புல தேங்குற மருந்தும்மா. ரெண்டு நாள் விட்டாத்தான் அளவோட நிக்கும். கூடிப்போச்சுன்னா இதே மாத்திரை விஷம்” என்று சொல்லி, சீட்டில் இரண்டு கோடு இழுத்தார். மூன்று வருஷம் அப்படியே போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் அச்சகத்தில் சீசன் தொடங்கிவிடும். மதுரைக்குப் போய்வர லீவு கிடைக்காது. சரியாக அந்த நேரத்தில் விருதுநகரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை ‘சீரான துடிப்பு இயக்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தது. மாவட்டத்தில் எந்த இதய நோயாளியும் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடக் கூடாது என்பது இயக்கத்தின் லட்சியம். மாத்திரை இலவசம். ஒழுங்கு அட்டை இலவசம். வீட்டில் ஒருவருக்கு ‘மாத்திரைத் துணைவர்’ என்ற பதவியும் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் படம் போட்ட அடையாள அட்டையும் இலவசம். எங்கள் வீட்டில் அந்தப் பதவி எனக்கு வந்தது.

ஒழுங்கு அட்டை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தது. புரூஃப் பார்த்தது நான். மூன்று பிழை திருத்தினேன். வாரத்துக்கு ஏழு கட்டங்கள் இருந்தன. நாங்கள் வருஷம் பூராவும் தேதி அச்சடிக்கிறவர்கள். வாரத்துக்கு ஏழு கட்டம் இருப்பது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை.

முதல் மாத முடிவில் அட்டையை எடுத்துக்கொண்டு போனோம். திட்ட ஒருங்கிணைப்பாளர் மணிகண்டராஜ் அதைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“எட்டு கட்டம் காலியா இருக்கே, முனியராஜ்.”

“அது சனி ஞாயிறு சார். மதுரை டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரு. சீட்டு இருக்கு.”

“சனி ஞாயிறு இதயம் லீவு போடுதா?”

“இல்லை சார்.”

“அப்ப மாத்திரை மட்டும் ஏன் லீவு போடணும்?”

தான் சொன்னது அவருக்கே பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். பத்து நாளில் அது மருத்துவமனை வாசலில் பேனராக நின்றது.

சீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு நிறைந்தால் அட்டை பச்சை. குறைந்தால் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர்கள் டாக்டரைப் பார்க்க முடியாது. முதலில் மூன்று ஆலோசனை வகுப்பில் உட்கார வேண்டும். வகுப்பு எடுப்பவர் மணிகண்டராஜ்.

“டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிரப்புறேன் சார்.”

“நிரப்புனாத்தானப்பா டாக்டரப் பார்க்க முடியும்.”

மூன்று வகுப்பிலும் உட்கார்ந்தோம். அடுத்த மாதம் சனி ஞாயிறும் மாத்திரை போட்டு நிரப்பினோம். பச்சை வந்தது. டாக்டர் விக்னேஷ்வரனைப் பார்த்தோம். அவர் அட்டையின் நிறத்தைப் பார்த்து “அருமை” என்றார். நான் சீட்டை எடுப்பதற்குள் அடுத்த அட்டை உள்ளே வந்துவிட்டது.

அக்டோபரில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இட்லியைப் பார்த்தாலே குமட்டியது. பிறகு வாந்தி. காலையில் மாத்திரை போட்ட சற்று நேரத்தில் எடுத்துவிடுவாள். குழுவில் எழுதிக் கேட்டேன். மணிகண்டராஜிடமிருந்து உடனே பதில் வந்தது. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மாத்திரை வெளியே போய்விட்டதாகக் கொள்ள வேண்டும். உடனே மறு மாத்திரை. நாக்குப் படம் அவசியம். பதிலின் அடியில் கைகூப்பும் படம் ஒன்று.

மறு மாத்திரைக்கென்று தனிப் பொட்டலம் வந்தது. அவள் வாந்தி எடுத்தாள், நான் கொடுத்தேன். வாந்தி கூடியது. பொட்டலம் தீர்ந்தது. பெரிய பொட்டலமாக அனுப்பினார்கள்.

நவம்பர் முதல் வாரம் அவள் மிஷினை நிறுத்தினாள்.

“அண்ணே, மஞ்சள் கூடிப்போச்சு. கொறைங்க.”

ஆப்பரேட்டர் ஊர்க்காவலன் இருபத்தைந்து வருஷமாக அந்த மிஷினில் நிற்பவர். குறைத்தார். அவள் இன்னும் குறைக்கச் சொன்னாள். இன்னும் குறைத்தார். அன்று ஓடியது லட்சுமி படம். மூவாயிரம் தாள் போன பிறகு முதலாளி வந்து பார்த்தார். லட்சுமியின் நகையெல்லாம் ரோஸ் நிறத்தில் இருந்தது. காலடியில் கொட்டிய காசும் ரோஸ்.

“என்னம்மா இது, லட்சுமி பல் மிட்டாய் கொட்டுறா” என்றார் முதலாளி.

அவள் தாளை வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, “எனக்கு இன்னும் மஞ்சளாத்தான தெரியுது. வெயிலும் மஞ்சளா இருக்கு. உங்க சட்டையும் மஞ்சளா இருக்கு” என்றாள். முதலாளி வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டதில்லை.

ஊர்க்காவலன் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஏலே முனியராஜு, மஞ்சள் தாளுல இல்லலே. புள்ள கண்ணுல இருக்கு. என்னமோ மாத்திரை போடுதாளே, அத மொதல்ல என்னன்னு பாரு.”

மாத்திரை அட்டையோடு வந்த தாளைப் பிரித்தேன். எறும்பு எழுத்தில் ஆங்கிலம். எழுத்தைப் படிப்பதுதான் என் தொழில். அளவு கூடினால் என்ன ஆகும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. பசியின்மை. குமட்டல். வாந்தி. பார்வை மஞ்சளாகத் தெரிதல். நாடி மந்தமாதல். மரணம். அரைப்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அன்றே போனோம். பச்சை அட்டை என்பதால் உள்ளே விட்டார்கள். முதலில் விவரப் படிவம். தொழில் என்ற இடத்தில் பட்டாசு, தீப்பெட்டி, விவசாயம் என்று மூன்றுதான் இருந்தன.

“நான் பிரஸ்ல கலர் செக்கிங்” என்றாள்.

“திருத்தங்கல்தான? பட்டாசுல போட்டுக்கிறேன்” என்றார் மணிகண்டராஜ். “என்ன தொந்தரவு?”

“எல்லாம் மஞ்சளாத் தெரியுது சார்.”

“அதான். கந்தகம் கண்ணுல ஏறியிருக்கு.”

“நான் பட்டாசாபீஸ் வாசலக்கூட மிதிச்சதில்ல சார்.”

“காத்துல வருமேம்மா.”

கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்தாள். கண் அருமையாக இருக்கிறது என்று எழுதி, கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். பிறகு மஞ்சள் காமாலைக்கு ரத்தம் எடுத்தார்கள். காமாலை இல்லை. இரண்டு தாளையும் சேர்த்துப் பின் அடித்து, மணிகண்டராஜ் அடியில் எழுதினார்: ‘பரிசோதனையில் மஞ்சள் இல்லை.’

நாடி பார்த்தது முத்துமாரி என்ற நர்ஸ். படித்து முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு நிமிஷம் பிடித்தாள். நாற்பத்தாறு என்று எழுதினாள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நாடி அறுபதுக்குக் கீழ இருந்தா இந்த மாத்திரையக் குடுக்கக் கூடாதுன்னுதான் எங்களுக்குப் பாடம். மொதல்ல நிறுத்தணும். ரத்தத்துல மருந்து அளவு, உப்பு அளவு பார்க்கணும். ஈசிஜி எடுக்கணும். டாக்டர்ட்ட கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீக.”

டாக்டரிடம் கேட்டேன். முத்துமாரி பெயரைச் சொல்லாமல் நானாகக் கேட்பதாகத்தான் கேட்டேன். மாத்திரைத் தாளையும் மேஜையில் வைத்தேன். விக்னேஷ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். பேசத் தயாராகும்போது அவர் அப்படிச் செய்வார் என்பது பிறகுதான் தெரிந்தது.

“தம்பி, நீங்க படிச்சவரு. நிதானமா யோசிங்க. ஈசிஜி எடுத்தா அதுல ஏதாவது மாறுதல் தெரியும். மாறுதல் தெரிஞ்சா மருந்தை நிறுத்தணும். நிறுத்துனா கட்டம் காலியாகும். காலியானா அட்டை சிவப்பு. சிவப்பு அட்டைக்கு இங்க வைத்தியம் கிடையாது. உங்க மனைவிக்கு வைத்தியமே கிடைக்கக் கூடாதுன்னா நினைக்கிறீங்க?”

“இல்லை சார். நாடி நாற்பத்தாறு...”

“அதைத்தான் சொல்ல வந்தேன். வாழ்த்துகள். எங்க இலக்கு எண்பதுக்குக் கீழ. இந்த மாவட்டத்துல இம்புட்டுக் குறைச்சது உங்க வீட்டம்மா ஒருத்திதான்.”

வெளியே தகவல் பலகையில் பெயர்களை நாடி வரிசைப்படி எழுதி வைத்திருந்தார்கள். குறைந்த நாடிக்காரர் மேலே. பாண்டிமீனா முதலிடத்தில் இருந்தாள். அடுத்தது அச்சங்குளத்துச் சண்முகத்தாய், ஐம்பத்திரண்டு. எங்கள் பின்னாலேயே வந்த மணிகண்டராஜ், “விட்றாதீக, அவுக தொரத்திக்கிட்டு வர்றாக” என்றார்.

ஈசிஜி எடுக்கவில்லை. என்னை எதற்காகத் தனியே கூப்பிட்டுப் பேசினாள் என்று மட்டும் முத்துமாரியை விசாரித்தார்கள். அவளை நாடி பார்க்கும் வேலையிலிருந்து எடுத்து, பரிசளிப்பு விழாவுக்குத் தோரணம் கட்டும் குழுவில் போட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது பாண்டிமீனாவிடம் சொன்னேன், இனி மாத்திரையை நாக்கில் வைத்துப் படம் எடுத்துவிட்டுத் துப்பிவிடலாம் என்று. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள்.

“காலி நாக்கும் கேப்பாகளே.”

“துப்பிட்டுக் காலி நாக்க எடுப்போம்.”

“நீங்க ஒரு கமா தப்பா இருந்தாலே தூங்க மாட்டீக. இதப் பொய்யா அனுப்பிட்டு இருப்பீகளா?” என்று சிரித்தாள்.

நான்கு நாள் துப்பினோம். நான்காவது நாள் இரண்டு வாய் சோறு தின்றாள். ஐந்தாவது நாள் காலை மணிகண்டராஜ் வீட்டுக்கே வந்தார். முதல் பரிசு அவளுக்கு முடிவாகியிருந்தது. விழா வரைக்கும் நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டும் என்று விதியாம். தினமும் எட்டு மணிக்கு வந்தார். கையில் டார்ச். நாக்குக்கு அடியில் அடித்துப் பார்த்தார். அவள் வாந்தி எடுத்தால் மறு மாத்திரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். நடுவில் ஒரு நாள் எங்கள் வீட்டு இட்லி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

நான் அவரை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அவர் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டேன்.

விழா டிசம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, ஒரு கல்யாண மண்டபத்தில். நானூறு பேர். கண்காட்சிப் பகுதியில் மருத்துவமனையின் புதிய ஈசிஜி இயந்திரத்தை மேஜையில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். வயர்களில் செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தது. அருகில் போகாதீர்கள் என்று கயிறு கட்டியிருந்தது. வீட்டில் மாத்திரை வேண்டாம், மேடையில் எல்லோர் முன்னாலும் போடலாம் என்று அன்றைக்கு மட்டும் நேரம் மாற்றியிருந்தார்கள். பத்து ஐம்பதுக்கு மேடையில் போட்டாள். கைதட்டினார்கள். இரண்டு நாக்குப் படத்தையும் பெரிய திரையில் காட்டினார்கள்.

அறக்கட்டளைத் தலைவர் சோலைச்சாமி பேசினார்.

“நாங்கள் இந்த இயக்கத்தை ஆரம்பிக்கும்போது மாவட்டத்தில் நாடி எப்படி இருந்தது? நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று ஆளாளுக்கு இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேட்க நாதியில்லை. இன்றைக்குச் சராசரி எழுபத்திரண்டு. இதோ, இந்தச் சகோதரியைப் பாருங்கள். இன்று காலை நாற்பத்தொன்று. மருந்து வேலை செய்கிறதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதைக் கேட்பதில்லை. மருந்து உள்ளே போயிற்றா என்று மட்டும்தான் கேட்போம். இத்தோடு நிற்க மாட்டோம். அடுத்த ஆண்டு இன்னும் குறைப்போம். குறைய இடம் இருக்கிறது.”

பாண்டிமீனாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவள் அதிலேயே வாந்தி எடுத்தாள்.

மணிகண்டராஜ் மைக்கைப் பிடித்தார். நிலைமையைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரர்.

“யாரும் கவலைப்பட வேண்டாம். மாத்திரை போட்டது பத்து ஐம்பது. இப்போது பதினொன்று எட்டு. அரை மணி ஆகவில்லை. ஆகவே நமது இயக்க விதிப்படி மறு மாத்திரை. எப்படிக் கொடுப்பது என்பதை நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மாத்திரைத் துணைவர் திரு. முனியராஜ் மேடைக்கு வரவும்.”

போனேன். கழுத்தில் அடையாள அட்டை இருந்தது. தட்டை ஏந்தி நின்றது முத்துமாரி. அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. தட்டிலிருந்து மாத்திரையை எடுத்தேன். முன்வரிசையில் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். விக்னேஷ்வரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாண்டிமீனா நாற்காலியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னை அண்ணாந்து பார்த்து ஒன்று சொன்னாள். கைதட்டல் தொடங்கியிருந்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

நாக்கை நீட்டினாள். வைத்தேன்.

பதினொன்று இருபதுக்குச் சரிந்தாள். முத்துமாரி தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து நெஞ்சை அழுத்தினாள். ஈசிஜி இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். கயிற்றை அவிழ்த்து, வயரில் சுற்றிய பூவைப் பிரிக்க நேரமானது. பிரித்து முடித்துச் சொருகும்போது கோடு நேராக ஓடியது. தலைவர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அவருக்கு இன்னொரு விழா இருந்தது.

மூன்றாம் நாள் மணிகண்டராஜ் பச்சைப் பேனாவோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“சொல்லச் சங்கடமாத்தான் இருக்கு. மாசம் முடிய இன்னும் பதினேழு கட்டம் காலியாக் கெடக்கு. அப்படியே விட்டா அவுக அட்டை சிவப்பாயிரும். முதல் பரிசு வாங்குனவுக. கடைசியில சிவப்போட போனாகன்னு பேர் வரணுமா?”

ஊர்க்காவலன் எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். நாலு பேர் சேர்ந்து விலக்கினார்கள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. பதினேழு கட்டத்தையும் மணிகண்டராஜ் தெருமுனையில் பைக் சீட்டில் வைத்துத் தானே நிரப்பிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜனவரியில் மருத்துவமனை ஆய்வுக் குழு என்னைக் கூப்பிட்டது. நான் மனு கொடுத்திருந்தேன். இறப்புக்குக் காரணம் மருந்தின் அளவு மீறியது என்று எழுத வேண்டும் என்பதுதான் மனு. நீள மேஜை. விக்னேஷ்வரன் தலைவர். மணிகண்டராஜ் செயலாளர். மதுரைச் சீட்டு, மாத்திரைத் தாள், அவள் மஞ்சளைக் குறைக்கச் சொல்லி ஓடிய ரோஸ் லட்சுமித் தாள் ஒன்று, மூன்றையும் மேஜையில் வைத்தேன். லட்சுமியை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

விக்னேஷ்வரன் கண்ணாடியைக் கழற்றினார்.

“டிசம்பர் மாத ஒழுங்கு அட்டையைப் பரிசீலித்தோம். மருந்து உட்கொண்டது நூற்றுக்கு நூறு. ஆகவே மருந்து விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. அளவு மீறியதாக இருந்தால் ஒரு கட்டத்தில் இரண்டு டிக் இருக்க வேண்டும். இல்லை. மறு மாத்திரைக்குத் தனிக் கட்டம் கிடையாது என்பதால் அது கொடுக்கப்பட்டதாகக் கருத முடியாது. இறப்புக்குக் காரணம், தொழில்வழிக் கந்தகம்.”

“அவ பட்டாசு வேலைக்கே போகல சார்.”

“படிவத்தில் இருக்கிறதே.”

மணிகண்டராஜ் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இயக்கத்தின் ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் தயாரித்திருந்தார்கள். நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பொன்னாடையோடு படம். அது சுத்தமாக இருந்தபோது எடுத்தது. படத்துக்குக் கீழே, அவர் கடைசியாகச் சொன்னது என்று போட்டு: ‘உயிரே போனாலும் ஒரு வேளை மாத்திரையைக்கூட விட மாட்டேன்.’

“இப்படி அவ சொல்லல” என்றேன்.

“நீங்கதான் பக்கத்துல நின்னீக. வேற என்ன சொன்னாக? சொல்லுங்க, நல்லா இருந்தா அதையே போட்டுருவோம்.”

மேஜையைச் சுற்றி ஏழு பேர் பேனாவோடு காத்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில் அதுவரை யாரும் யாரிடமும் கேட்காத ஒன்றைத்தான் அவள் அன்றைக்கு மேடையில் என்னிடம் கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, மாத்திரையை வைத்தேன். மணிகண்டராஜின் பேனாவை வாங்கி, அவர்கள் அடித்திருந்த வரியைக் குறுக்கே வெட்டினேன். ஓரத்தில் அவள் சொன்னதை எழுதினேன்.

‘உங்களுக்குச் சரின்னு பட்டா குடுங்க.’